ஹெல்மெட்டுக்குள் இருந்த மாப்பிள்ளை

கெமராவைக் கீழே வைத்துவிட்டேன், வாயை இன்னும் வைக்கவில்லை. பதுளைப் பக்கம் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார், தங்கச்சிமார் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் விடுவேனா? ஆனால் எந்த லென்ஸ், எவ்வளவு வெளிச்சம் என்பதையெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். போனிலேயே கல்யாணத்தை எடுத்து, போனிலேயே வெட்டி ஒட்டி, மாப்பிள்ளை சோறு தின்று கை கழுவுவதற்குள் ஊருக்கே அனுப்பிவிடுகிறீர்கள். கெட்டிக்காரர்கள்தான், ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வந்தது வேறு விஷயம். ஆம்பளைகளை எப்படி எடுப்பது என்பது.

சிரிக்காதீர்கள். கல்யாணப் பொண்ணை எடுக்க நூறு பேர் யோசனை சொல்வார்கள். மாப்பிள்ளையை எடுக்க யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அதுதான் சினிமா முன்னாலேயே சொல்லிவிட்டதே! கையைக் கட்டு, தாடையை இறுக்கு, கருப்புக் கண்ணாடியைப் போடு, பல்லைக் காட்டாதே. நாங்களும் அதையே நாற்பது வருஷமாகத் திருப்பித் திருப்பி எடுத்தோம். இப்போது நீங்கள் அதையே போனில் எடுக்கிறீர்கள்.

நான் வேலை பழகிய ஸ்டூடியோவில் திரைக்குப் பின்னால் ஒரு கருப்புத் தோல் ஜாக்கெட்டும் ஒரு கருப்புக் கண்ணாடியும் இருந்தன. பண்டிகைக்குத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து டவுனுக்கு வரும் இளவட்டங்கள் தியேட்டரில் படம் பார்த்துவிட்டு நேரே எங்களிடம்தான் வருவார்கள். ஜாக்கெட்டை மாட்டுவான், கண்ணாடியைப் போடுவான், ஒரு காலை ஸ்டூலில் வைப்பான். லேசாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தால் முதலாளி உள்ளேயிருந்து கத்துவார், “டேய், சிரிக்காத! கெத்தா நில்லு!” பசறை ரோட்டில் எந்தத் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் போனாலும் சுவரில் எங்கள் ஜாக்கெட் தொங்கும். உள்ளே இருக்கும் ஆள் மட்டும் வேறு.

ஒரு நாள் ஒரு அம்மா அந்த மாதிரி ஒரு படத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றி எடுத்து வந்தார். புருஷன் தவறிவிட்டார், படத்தைப் பெரிதாக்க வேண்டும். படத்தை மேசையில் வைத்தவர், ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, இதுல அவரு இல்லீங்களே,” என்றார்.

“அவருதானேம்மா?”

“மூஞ்சி அவருதுதான். ஆனா எங்க வீட்டுக்காரரு எந்நேரமும் பல்லக் காட்டிக்கிட்டே இருக்குற மனுசன். இந்தப் படத்தக் கும்புடுன்னு சொன்னா எங்க சின்னவன் யாரோன்னு நெனச்சி அழுவுறான்.”

வேறு படம் கிடையாதாம். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவருடைய லயத்தில் நான் ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுத்திருந்தது ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று ஒதுக்கிப் போட்ட துண்டு நாடாக்களைத் தேடியெடுத்து ஓட்டிப் பார்த்தேன். ஒரு ஓரத்தில், சாம்பார் வாளியோடு, யாரையோ பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு நிற்கிறார் மனுஷன்! மங்கலாகத்தான் இருந்தது. இருந்தாலும் அதைப் படமாக்கிக் கொடுத்தேன். அந்த அம்மா அதை வாங்கி, “ஆங், இதுதான் அவரு,” என்று சொல்லிவிட்டு அழுதார். அதற்குப் பிறகு நான் எடுத்த எதையும் அழித்ததில்லை. காட்சி முடிந்தது என்று எல்லோரும் கலைந்த பிறகும் கெமராவை உடனே நிறுத்தமாட்டேன். பழக்கமாகிவிட்டது. அந்தப் பழக்கம் என்னை ஒரு கல்யாண மண்டபத்தில் காப்பாற்றிய கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

வேலையை விடுவதற்கு முந்தின வருஷம். பொண்ணு ரெஜினா, நமுனுகுல பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் டீச்சர். மாப்பிள்ளை மரியநாதன், அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதி உத்தியோகம். நர்ஸ் வேலை பார்க்கும் பொம்பளைகளை நம்ம பக்கத்தில் மிஸி என்போம். அதனால் நாதனுக்கு ஊர் வைத்த பெயர் ‘மிஸி மாப்பிள்ளை.’ படங்களில் ஆண் நர்ஸ் வந்தாலே இடுப்பை வளைத்து வளைத்து நடக்கவிட்டுச் சிரிப்புக் காட்டுவார்கள் இல்லையா? அதைப் பார்த்து வளர்ந்த பையன்கள், நாதன் பஸ்ஸைவிட்டு இறங்கினால் பின்னாலேயே அப்படி நடந்து காட்டுவார்களாம்.  அவர் ஒரு சிரிப்போடு போய்விடுவார்.

அவர் விட்டாலும் பொண்ணின் அண்ணன் பிலிப்பால் விட முடியவில்லை. அப்பா இல்லாத வீட்டில் பிலிப்தான் எல்லாம். பல வருஷமாகக் கட்டார் நாட்டில் வேலை, தங்கச்சி கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தார். மடித்துவிட்ட சட்டைக் கை, கருப்புக் கண்ணாடி, கட்டிய கைகள். என்னுடைய பழைய ஸ்டூடியோ படம் உயிரோடு எழுந்து வந்த மாதிரி இருந்தார். அவருக்கு ஐந்து வயசு மதிக்கத்தக்க ஒரு மகள். அவர் கிட்டே போனால் பிள்ளை அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஓடிவிடும். “வெக்கப்படுது,” என்பார். வெட்கமாக எனக்குத் தெரியவில்லை.

“அண்ணே,” என்றார் பிலிப் என்னிடம். “மண்டபத்துல அம்புட்டு சனமும் இருக்கும். மிஸி மிஸின்னு சொன்ன வாயெல்லாம் மூடணும். மாப்ள மோட்டார் சைக்கிள்ல வந்து பிரேக் அடிக்கிறாரு, தங்கச்சிய பின்னால ஏத்திக்கிட்டு பறக்குறாரு. எல்லாம் ஸ்லோ மோஷன்ல. பெரிய திரையில போட்டுக் காட்டணும்.”

“மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியுமா?”

“ஆம்பளைக்கு ஓட்டத் தெரியாம இருக்குமாண்ணே?”

தெரியாது. நாதனுக்குச் சைக்கிள்கூட ஆட்டம்தான். வண்டி ஓட்டுவது ரெஜினா. தினமும் அந்த வளைவுகளில் மழையிலும் பனியிலும் மோட்டார் சைக்கிளில் பாடசாலைக்குப் போய் வருகிறவர்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு தேயிலைக்கு நடுவில் ஒரு ரோட்டில் படப்பிடிப்பு. நான், என் உதவியாளன் கஜன், மாப்பிள்ளை, பொண்ணு, மேற்பார்வைக்குப் பிலிப். கஜன் பொண்ணு வீட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்து லொறி டிரைவரின் மகன். துடிப்பான பையன். கெமராப் பையைச் சுமந்து சுமந்து ஒரு பக்கத் தோள் கொஞ்சம் சரிந்திருக்கும்.

நாதன் இரண்டு தரம் விழுந்தார். இரண்டாவது தரம் முழங்கால் தோல் போய்விட்டது. பிலிப் கையைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்தார். ரெஜினாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. “எறங்குங்க, எறங்குங்க, வண்டி பாவம்,” என்று நாதன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, நாதனைப் பின்னால் ஏற்றி, ரோட்டில் ஒரு சுற்றுப் போனார் பாருங்கள்! பின்னால் நாதன் அவருடைய கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, “டீச்சர், மெதுவா! டீச்சர், வளைவு!” என்று அலறுகிறார். பிலிப்கூடத் தன் கெத்தை மறந்துபோனார். கண்ணாடியைத் தலைக்கு மேலே தள்ளிவிட்டு, முழங்காலைப் பிடித்துக் குனிந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் கெமராவை நிறுத்தவில்லை.

அப்புறம் வண்டியை நிறுத்தி இறங்கிய ரெஜினா காலைப் பார்த்து ஒரு கூச்சல் போட்டார். முந்தின நாள் மழை, பாதத்தில் அட்டை. வளைவில் பயப்படாத டீச்சருக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும்போல. நாதன் புல்லிலேயே மண்டிபோட்டு உட்கார்ந்து, அவர் பாதத்தைத் தன் தொடைமேல் தூக்கி வைத்துக்கொண்டு, நகத்தை ஓரமாக விட்டு அட்டையை நெம்பி எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பஞ்சு எடுத்து இரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடித்தார். “போச்சு, போயிருச்சு, இங்க பாருங்க,” என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார். தன் முழங்காலில் வழிந்த இரத்தத்தை அவர் கவனிக்கவே இல்லை. ரெஜினா அவர் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது, நீங்கள் எவ்வளவு பெரிய கெமரா வைத்திருந்தாலும் சரி.

“இதெல்லாம் போட்டுடாதீங்கண்ணே,” என்றார் பிலிப், கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டு. “பொம்பள கால புடிக்கிறத சனம் பாத்தா அதோட முடிஞ்சிச்சி.”

அன்றைக்குப் பின்னேரம் எனக்குப் பசறையில் ஒரு சடங்கு வீடு. மிச்சத்தைக் கஜனிடம் விட்டுவிட்டுப் போனேன். இரண்டு நாளில் அவன் வெட்டி ஒட்டிக் கொண்டுவந்து காட்டினான். அடேயப்பா! தேயிலை மலைக்கு நடுவில் ஹெல்மெட் போட்ட மாப்பிள்ளை சீறிக்கொண்டு வந்து, வண்டியை ஒரு பக்கமாகச் சாய்த்து நிறுத்துகிறார். சேறு தெறிக்கிறது. அடுத்து நாதனின் முகம் பெரிதாகத் தெரிகிறது, ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். அதற்கடுத்து, ரெஜினாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டி மலைக்குள் போகிறது, நாம் முதுகைத்தான் பார்க்கிறோம். “பரவாயில்லையே, மாப்பிள்ளை தேறிட்டாரே!” என்றேன். கஜன் பல்லை இளித்தான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து பண்டாரவளை மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். கேக் வெட்டியாயிற்று. சாப்பாட்டுக்கு முன்னால் நம்முடைய வீடியோ. திரைக்குப் பக்கத்தில் வயர்களை மாட்டிக்கொண்டிருந்தேன். முன் வரிசையில் கொழுந்து பறிக்கிற இரண்டு அக்காமார், பொண்ணு வீட்டுத் தோட்டத்துச் சனம், ஒரு போனை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரை உசுப்பேற்றக் காலையிலேயே கஜன் அனுப்பியிருந்த சின்னத் துண்டு அது. மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிற இடம் மட்டும்.

“ஏன்டி, இது மாப்ளயா?”

“மாப்ளயா? தோளப் பாரு, ஒரு பக்கமா எறங்கிக் கெடக்கு. நம்ம லொறிக்காரரு மகன்டி இது. படம் புடிக்கிற பய.”

“அப்ப மாப்ள எங்கடி? கல்யாண வீடியோவுல இவன் ஏன் வண்டி ஓட்டுறான்?”

 டவுன்காரன் நான், ஹெல்மெட்டைப் பார்த்து ஏமாந்துவிட்டேன். தோட்டத்துச் சனம் ஏமாறுமா? மலைக்கு அந்தப் பக்கம் நடந்து போகிற ஆளை முதுகை வைத்தே பேர் சொல்கிறவர்கள்! இவர்கள் இன்னும் முழு வீடியோவைப் பார்க்கவில்லை. அதில் ரெஜினா அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து போகிறார். கல்யாண நாளில், பெரிய திரையில், வேறு ஒருவனுக்குப் பின்னால்.

கஜனைத் திரைக்குப் பின்னால் இழுத்தேன். “வண்டிய ஓட்டினது யாருடா?”

“நான்தாண்ணே. பிலிப் அண்ணன்தான் சொன்னாரு. நாதன் அண்ணனால முடியல. ஹெல்மெட் போட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னாரு. ரெஜினா அக்கா வேணாம்னுதான் சொன்னாங்க. அண்ணன் சத்தம் போட்டதும் பின்னால கம்பியப் புடிச்சிக்கிட்டு ஒக்காந்தாங்க, என்னையத் தொடக்கூட இல்ல. சத்தியமாண்ணே.” பையன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான்.

கம்பியைப் பிடித்தாரா தோளைப் பிடித்தாரா என்பது திரையில் தெரியாது. மிஸி மாப்பிள்ளை என்ற பேச்சை அடக்க எடுத்த வீடியோ, நாதனை ஆயுசுக்கும் கேலிப்பொருள் ஆக்கப்போகிறது. அதைவிட மோசம், ரெஜினாவின் பேரில் ஒரு சொல் விழப்போகிறது. நம்ம பக்கத்தில் அப்படி ஒரு சொல் விழுந்தால் எடுப்பது லேசில்லை. அவர் நாளைக்கு அந்தச் சனத்தின் பிள்ளைகளுக்குத்தான் போய்ப் பாடம் நடத்த வேண்டும்.

மைக்கில் அறிவித்துவிட்டார்கள். சனம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது. பிலிப் பக்கத்தில் வந்து நின்றார். “போடுங்கண்ணே, என்னா நிக்கிறீங்க?”

தம்பிமாரே, இந்த மாதிரி ஒரு நிமிஷம் உங்களுக்கும் கட்டாயம் வரும். என் மனதில் முதலில் வந்தது என்ன தெரியுமா? வயரைப் பிடுங்கிவிட்டு, மெஷின் பழுது என்று சொல்லிவிடுவது. லேசான வழி. ஆனால் அந்த அக்காமார் கையில் துண்டு இருக்கிறதே? திரை இருட்டாக இருந்தால் பேச்சு இன்னும் அதிகமாகத்தான் போகும். இரண்டாவதாக, நான் அழிக்காமல் பையில் வைத்திருந்த அன்றைய படத்தை நானாகவே போட்டுவிடுவது. அதுவும் சரியில்லை. அது அவர்கள் இரண்டு பேருடைய வாழ்க்கை, என்னுடையதில்லை. பிலிப் கேட்டார் என்று போடுவதும் தப்பு, நான் நினைத்தேன் என்று போடுவதும் தப்பு.

“மைக் வயர் ஒன்னு சரி பண்ணணும்,” என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போய், இருவருக்கும் நடுவில் குனிந்து, நடந்ததைச் சொன்னேன். நாதனுக்கு ஹெல்மெட் விஷயம் தெரியும். தோள் விஷயம் தெரியாது. 

“அண்ணே, நான் விழுந்தது தெரிஞ்சா பரவாயில்ல. நாலு நாளு சிரிப்பாங்க. டீச்சரப் பத்தி ஒருத்தன் வாயத் தொறக்கக்கூடாது,” என்றார்.

ரெஜினா என்னைப் பார்த்தார். “அட்ட புடுங்குனது இருக்காண்ணே?”

“இருக்கு. நீங்க வண்டி ஓட்டுனதும் இருக்கு. வெட்டல, ஒட்டல, அப்படியே கெடக்கு.”

“அதப் போடுங்க.”

“அண்ணன் ஏசுவாரேம்மா.”

“அண்ணன நான் பாத்துக்குறேன். போடுங்க.”

போட்டேன். பாட்டு இல்லை, ஸ்லோ மோஷன் இல்லை. மாப்பிள்ளை விழுகிறார். மண்டபம் ‘ஓ’வென்று கத்துகிறது. திரும்ப விழுகிறார். பின் வரிசையில் ஒரு பையன், “மிஸி!” என்று கூவுகிறான். பிலிப் என் தோளைப் பிடித்து, “என்னாண்ணே போட்டிருக்கீங்க? நிப்பாட்டுங்க!” என்கிறார். விரல்கள் பதிந்துவிட்டன. அதற்குள் ரெஜினா ஹெல்மெட்டைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார். “டீச்சர், வளைவு!” என்று நாதன் அலறியதும், பிள்ளைகள் மேசையிலிருந்த அவருடைய மாணவர்கள் கை தட்டிக்கொண்டு எழும்பிவிட்டார்கள். அந்தக் கூத்தில் முன் வரிசை அக்காமார் போனைக் குப்புற வைத்துவிட்டதைக் கவனித்தேன். மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியாது, கெமராக்காரப் பையன் ஓட்டிக் காட்டியிருக்கிறான், அவ்வளவுதானே என்று அவர்களே முடித்துக்கொண்டார்கள்.

பிறகு அட்டை. நாதன் மண்டிபோட்டு அந்தப் பாதத்தைத் தொடையில் எடுத்து வைத்ததும் மண்டபம் சத்தமில்லாமல் போனது. ஆம்பளைகள் பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். இப்போது சிரிப்பார்கள், இப்போது சிரிப்பார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். முன் வரிசையிலிருந்து ஒரு குரல்தான் வந்தது.

“நானும் கலியாணம் கட்டுன நாளுலருந்து மலையில அட்டக்கி ரத்தம் குடுக்குறேன். எங்க வீட்டுக்காரரு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, புடுங்கி விட்டிருப்பாரா?”

“எங்க வீட்டுலயும் கேளுடி!” என்று இன்னொரு குரல். அவ்வளவுதான். பொம்பளைகள் பக்கம் வெடித்தது. ஒருத்தி புருஷனைப் பெயர் சொல்லியே கூப்பிட்டு, “பாத்துக்கங்க, நல்லாப் பாத்துக்கங்க!” என்றாள். அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ஆம்பளைகளும் சிரித்தார்கள், நாதனைப் பார்த்து அல்ல. மேடையில் ரெஜினா எல்லோருக்கும் முன்னால் நாதன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு அந்த மண்டபத்தில் மிஸி என்ற சொல்லை நான் கேட்கவில்லை.

கஜனை நான் வேலையைவிட்டு அனுப்பவில்லை. இப்போது பண்டாரவளையில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான், உங்களில் சிலருக்குத் தெரியும். அவனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். “ஹெல்மெட்டுக்குள்ள எந்த ஆம்பளைய வச்சாலும் பொருந்துதுன்னா, அது எந்த ஆம்பளையோட படமும் இல்லடா.” அவனுக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரிந்தால் சரி.

சாப்பாடு முடிந்து, வயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பிலிப் வந்தார். ஏசப்போகிறார் என்று நிமிர்ந்து நின்றேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால், இரண்டு எட்டுத் தள்ளி, அந்தச் சின்னப் பிள்ளை நின்றது. இந்தத் தரம் அம்மா பக்கத்தில் இல்லை.

“அண்ணே,” என்றார். “அதுல நான் சிரிக்கிற எடம் ஒன்னு வருதுல்ல? குனிஞ்சிக்கிட்டு? அத மட்டும் தனியா வெட்டித் தருவீங்களா?”

“தர்றேன் தம்பி. எதுக்கு?”

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். 

“மக கேக்குறாண்ணே. அந்த அப்பா இம்புட்டு நாளா எங்க இருந்தாருன்னு கேக்குறா.”